நிறம்: மேற்படி

பசிக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மை. பத்துப் பதினைந்து வருஷமாக என் வயிற்றில் இருந்தது பசியே இல்லை. ஒரு எரிச்சல், ஒரு பொருமல், மணி ஒன்றடித்தால் சாப்பிட்டாக வேண்டும் என்கிற ஒரு கடமை, அவ்வளவுதான். இது வேறு. வயிறு காலியாக, லேசாக, கழுவிக் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி இருக்கிறது. எட்டு மணிக்கு உலகம்மை ஊற்றித் தந்த பயத்தங்கஞ்சி, சுக்கும் இந்துப்பும் போட்டது, பத்தே காலுக்குள் எங்கே போனதென்று தெரியவில்லை. டாக்டர் பகவதி பதினாலு நாளைக்கு முன்னால் இதே வைத்தியசாலையில், அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நிஜப் பசி வரும், வந்தால் உங்களுக்கே தெரியும் என்றார். வந்துவிட்டது. அந்த அம்மாள் சொன்னதெல்லாம் நடக்கிறது, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. கையில் டோக்கன் பதினாலு. உள்ளே பத்தாம் நம்பர் போயிருக்கிறது. பக்கத்தில் என் மனைவி உலகம்மை, மடியில் மஞ்சள் பை, பைக்குள் வெந்நீர் பிளாஸ்க், காலியான கஷாய பாட்டில் இரண்டு, அப்புறம் அந்த நோட்டு. திரைக்குப் பின்னால் போய் நான் சொல்ல வேண்டியது மூன்றே சொல். டாக்டர், ரத்தம் போகுது. இருபத்தாறு வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன், ஒரு சென்ட் நிலத்துக்கு எட்டுப் பக்கம் எழுதுவேன், இந்த மூன்று சொல்லுக்கு நாக்கு எழவில்லை. சொல்லிவிடலாம் என்று பாளையங்கோட்டை பஸ் ஏறும்போது முடிவு செய்திருந்தேன். பாலம் தாண்டும்போதே அந்த முடிவு எங்கோ இறங்கிப் போய்விட்டது.

நோட்டு. எல்லாம் அதில் இருக்கிறது, அது ஒன்றுதான் இல்லை. முதல் நாளே டாக்டர் கோடு போட்டுக் கட்டம் கட்டிக் கொடுத்தார். எழுந்த நேரம், நாக்கில் மாவு உண்டா, பசி, சாப்பாடு, வெளிக்குப் போன நேரம், எப்படி, நிறம். ‘எப்படி’ என்பதற்கு மூன்று மாதிரியும் சொன்னார், வாழைப்பழம் போலவா, களி போலவா, ஆட்டுப்புழுக்கை போலவா. ஐம்பத்தியிரண்டு வயசில் தினமும் காலையில் உட்கார்ந்து இதை எழுதுகிறவனுக்கு மானம் என்று ஒன்று மிச்சம் இருக்குமா. ஆனாலும் எழுதினேன், என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஊரில் பேர் வாங்கின கையெழுத்து. முதல் நாள் நிறம், மஞ்சள். அது சத்தியம், அன்றைக்கு மஞ்சள்தான். இரண்டாம் நாள் அந்தக் கட்டத்தில் பேனா நின்றது. நின்ற பேனா தன் பழக்கத்துக்கு ஒன்றை எழுதிவிட்டது. மேற்படி. பத்திரத்தில் ஒரு தடவை முழுசாக எழுதினால் போதும், அப்புறம் மேற்படி நபர், மேற்படி சொத்து, மேற்படி நான்கெல்லைக்கு உட்பட்ட மனை, இப்படியே போய்க்கொண்டிருக்கும். அதில் ஒரு சௌகரியம் உண்டு. மேற்படி என்று எழுதுகிறவன் எதையும் சொல்வதில்லை, மேலே பார்த்துக்கொள் என்கிறான். மூன்றாம் நாளும் மேற்படி, நாலாம் நாளும் மேற்படி. மேலே பார்த்தால் மஞ்சள். பதிமூன்று மேற்படி. எவன் வந்து படித்தாலும் என் வயிற்றில் வில்லங்கம் இல்லை.

பதினொண்ணு, என்று கவுண்டரில் இருக்கிற அம்மாள் கூப்பிடுகிறாள். ஒரு கிழவர் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு போகிறார். எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். உலகம்மை என் முழங்கையில் தட்டி, “வெந்நி வேணுமாங்க” என்கிறாள். வேண்டாம். வயிற்றில் எதையும் ஊற்றிக் கிளப்பிவிட வேண்டாம். அவள் முகம் தெளிவாக இருக்கிறது. அவளுக்கு இது பரீட்சை ரிசல்ட் வாங்க வந்த மாதிரி. பதினாலு நாளாக அவள்தானே பத்தியம் பிடித்தாள். பழைய அரிசி தேடி வாங்கி, மோரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து, பெருங்காயமும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு, முதல் கவளத்தில் நெய்யும் சூரணமும் பிசைந்து, ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடிக்க வைத்து, முடித்ததும் மாடியில் நூறு அடி நடக்க வைத்து, இடது பக்கமாய்ப் படுங்க, இடது பக்கமாய்ப் படுங்க என்று தூக்கத்திலும் தள்ளிவிட்டு. இவ்வளவையும் செய்துவிட்டு நிறத்தை மட்டும் அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது. அவளுக்கு நான் எழுதியதில் நம்பிக்கை.

பீட்ரூட்டிலும் இப்படித்தான் நம்பினாள். ஆடி அமாவாசைக்குக் குறுக்குத்துறைப் படித்துறையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போக வேண்டும், அன்று விடிகாலையில்தான் முதல் தடவை பார்த்தேன். சிவப்பு. கொஞ்சமென்று சொல்ல முடியாது. முந்தின நாள் சாப்பிட்டது ரசம் சாதமும் அப்பளமும். அன்றைக்கோ வாழைக்காய், புடலங்காய் என்று நாட்டுக்காய் தவிர வேறு அடுப்பில் ஏறாது. சிவப்புக்கு வழியே இல்லை. ஆற்றில் இடுப்பளவு நின்று அப்பா பேரைச் சொல்லும்போது எள் முழுவதும் ஒரே இடத்தில் விழுந்தது. வீட்டுக்கு வரும் வழியில், பீட்ரூட் சாப்பிட்டால் மறுநாள் சிவப்பாகப் போகும் என்று யாரோ எப்போதோ ஆபீஸ் வாசலில் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் உலகம்மையிடம் பீட்ரூட் வாங்கச் சொன்னேன். எனக்குப் பீட்ரூட் ஆகாது. சின்ன வயசிலிருந்தே ஆகாது, அந்த மண்வாடையும் அசட்டுத் தித்திப்பும் வாயில் வைத்தாலே குமட்டும். அவளுக்கும் தெரியும். கல்யாணமாகி இருபத்தி மூணு வருஷத்துல ஒரு நாள் தொட்டதில்லயே, இப்ப என்ன வந்துச்சு என்று சிரித்தாள். ரத்தம் ஊறுமாம் என்றேன். வாயில் வந்தது அதுதான். அன்றிலிருந்து வாரத்தில் அஞ்சு நாள் பீட்ரூட். தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல், பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு, கூடவே கண்ணை மூடிக்கொண்டு மோர். தினமும் காலையில் சிவப்பைப் பார்த்தால் பீட்ரூட் என்று சொல்லிக்கொள்வேன். என்னைத்தவிர அங்கே யாரும் இல்லை, ஆனாலும் வாய்விட்டே சொல்வேன். பீட்ரூட் தின்றும் சிவப்பு வராத நாள் உண்டு, அந்த நாளை மட்டும் எண்ணிக்கையில் சேர்க்க மாட்டேன். நாலு மாசம் இப்படி ஓடியது. தனக்குப் பிடிக்காத காயை ஒருவன் தினமும் தின்பது சாட்சி தயார் பண்ணத்தான் என்று இந்த உலகத்தில் யாருக்குத் தோன்றும்.

அப்பாவுக்கு மூலம். அப்படித்தான் எங்கள் வீட்டில் பேர். அப்பா நின்றுகொண்டே சாப்பிடுவார், மூலம். அப்பா இளைத்துப் போனார், மூலச்சூடு. அம்மா துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கொடுத்தாள், கருணைக்கிழங்கை வாரம் மூன்று நாள் மசித்தாள். அப்பா அதைத் தட்டில் வழித்து வழித்துச் சாப்பிட்டு, இப்ப தேவலை, இப்ப தேவலை என்பார். கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது குடலில் கட்டி, இத்தனை பெரிசு, என்று டாக்டர் இரண்டு விரலை விரித்துக் காட்டினார். ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கலாமே என்றார். நான் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அதில் ஆச்சரியமே இல்லை. அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அவருக்கு முன்னமே தெரியும். மூலம் மூலம் என்று அவர் சொல்லிக்கொண்டது எங்களிடம் இல்லை, தன்னிடமே. அவருக்கு அப்போது ஐம்பத்தியெட்டு. ஒரு சொத்து யாரிடமிருந்து வந்தது என்று பார்க்க வேண்டுமென்றால் தாய்ப்பத்திரம் பார்ப்போம். என் வயிற்றுக்குத் தாய்ப்பத்திரம் அவர் வயிறு. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எந்த ஆபீஸுக்கும் மனுப் போட வேண்டியதில்லை. அவருக்குக் கருணைக்கிழங்கு, எனக்குப் பீட்ரூட்.

பன்னிரண்டு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் போகிறாள். கஷாயம் கொதிக்கிற வாடை பின்கட்டிலிருந்து வருகிறது. எதிர்ச் சுவரில் நீட்டிய நாக்கின் படம், வெள்ளையாக மாவு படிந்த நாக்கு ஒன்று, சிவந்த சுத்தமான நாக்கு ஒன்று. சிவப்பு அங்கே நல்லது. முதல் தடவை வந்தபோது பொருமலுக்கும் ஏப்பத்துக்கும்தான் வந்தோம், உலகம்மை இழுத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் நாடி பார்த்தார், வயிற்றை நாலு பக்கமும் அமுக்கினார், ரத்தம் ஏதும் போகுதா என்று நேராகவே கேட்டார். இல்லை என்றேன், ‘லை’ முடிவதற்குள் தண்ணீர் குடித்தேன். பத்தியம் சொன்னார். காய் மூன்றே மூன்று, சுரைக்காய், புடலங்காய், வெள்ளைப்பூசணி. பீட்ரூட், என்று உலகம்மை கேட்டாள். இப்ப வேண்டாம்மா, வயிறு சரியாகட்டும் என்றார் டாக்டர். சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸில் பத்துப் பேர் மத்தியில் யாரோ என் வேட்டியை உருவினது போல இருந்தது. அன்றைக்கே எழுந்து வந்திருக்க வேண்டும், அல்லது அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. இரண்டாம் நாள் சிவப்பு. பழைய பீட்ரூட் உள்ளே தங்கியிருக்கும். நாலாம் நாள் சிவப்பு. குடலில் சாயம் பிடித்திருக்கும், லேசில் போகாது. ஆறாம் நாள் இல்லை, அன்றைக்குக் கோயிலுக்குப் போய் வந்தேன். எட்டாம் நாள் மறுபடியும். கஷாயம்தான் ஒரு மாதிரி செம்மண் நிறத்தில் இருக்கிறதே. பத்தாம் நாளுக்கு மேல் எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அப்புறம் கழிப்பறை விளக்கைப் போடுவதை விட்டேன். கரண்டு மிச்சம் பிடிக்கிறேனாம், உலகம்மை கேலி செய்தாள். இதற்கிடையில் ஏப்பம் நின்றுவிட்டது, தூக்கம் வருகிறது, நாக்கு வெளுத்தது போய் இளஞ்சிவப்பாகிவிட்டது, மதியம் மேஜையில் தலை சாய்வதில்லை. மருந்து பொய் சொல்லவில்லை, நான்தான். எல்லாம் குணமாகிற உடம்பில் இது மட்டும் நிற்கவில்லை என்றால் அது இந்தக் கணக்கில் சேர்ந்ததே இல்லை. அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பைத் திருப்பிக்கொண்டு பசியைப் பற்றி நினைக்கிறேன். பசிக்கிறது.

உலகம்மை நோட்டை வெளியே எடுத்துவிட்டாள். வாங்கப் போனேன், “பாக்கட்டும், எப்படி எழுதிருக்கியன்னு” என்று திருப்பிக்கொண்டாள். விரல் கட்டம் கட்டமாக இறங்குகிறது. அஞ்சரை, அஞ்சே முக்கால், அஞ்சரை. கஞ்சி, சுரைக்காய், மோர். வாழைப்பழம் போல என்ற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டாள். “என்னங்க இது, வீட்டு நோட்டுலயும் மேற்படியா? டாக்டரம்மா உங்கள பத்திர வெண்டர்னு கண்டுபிடிச்சிருவாக.” நானும் சிரிக்கிறேன், சிரிக்க முடிகிறது, வெட்கமாக இல்லை, வேர்க்கிறது. அப்போது அடிவயிற்றில் அது வருகிறது. இந்த நேரத்தில் வரக் கூடாது. காலையில் போயாயிற்று, நோட்டில் அஞ்சே முக்கால் என்று எழுதியும் ஆயிற்று. முறுக்கிக்கொண்டு வருகிறது. அடக்கக் கூடாது, வந்ததை அடக்கினால் எல்லா நோயும் அங்கேதான் ஆரம்பம் என்று முதல் நாள் டாக்டர் சொன்ன முதல் வாக்கியமே அதுதான். வாழ்நாள் முழுக்க அடக்கினவன் நான், பத்திரம் எழுத வந்த பார்ட்டி காத்திருக்கிறது, ஆபீஸர் காத்திருக்கிறார் என்று அடக்கி அடக்கி. இப்போதும் அடக்குகிறேன், வேறு காரணத்துக்காக. இந்த வைத்தியசாலைக் கழிப்பறை எனக்குத் தெரியும். போன தடவை கை கழுவப் போனேன். வெள்ளை டைல்ஸ், வெள்ளைக் கோப்பை, தலைக்கு மேலே நீளமாக ஒரு குழல் விளக்கு, அதற்கு ஸ்விட்ச் வெளியே, எப்போதும் எரியும். பதிமூணு. நான் எழுந்துவிட்டேன். போய்ட்டு வந்துருதேன் என்று எனக்கே கேட்காத குரலில் சொல்லிவிட்டு நடக்கிறேன். கதவைச் சாத்துகிறேன். பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன், பார்க்காமலேயே தண்ணீரை ஊற்றிவிடலாம், நாலு குவளை போதும், குவளை கையில் இருக்கிறது. பார்த்துவிட்டேன். நேற்று சுரைக்காய். முந்தாநாள் புடலங்காய். அதற்கு முன்னால் வெள்ளைப்பூசணி. வெள்ளைப்பூசணியில் எந்தச் சாயமும் இல்லை. பீட்ரூட் என்று வாயைத் திறந்தேன், பழக்கம், பாதியில் நின்றுவிட்டது. அந்த வெளிச்சத்தில் அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

வெளியே வந்தபோது உலகம்மை திரையை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வாங்க வாங்க, கூப்ட்டாச்சு. உள்ளே டாக்டர் பகவதி, நாற்பது வயசிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு நோட்டைப் படிக்கிறார். நாக்கை நீட்டச் சொன்னார். வயிற்றை அமுக்கினார். நாடியில் மூன்று விரல் வைத்து ரொம்ப நேரம் இருந்தார், அந்த விரல்கள் கண்டுபிடித்துவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நப்பாசை. விரலை எடுத்துவிட்டார்.

“நல்ல மாத்தம் தெரியுது சார். பசி எப்படி?”

“பசிக்குது.”

“தூக்கம்?”

“வருது.”

“எல்லாம் ஒழுங்கா எழுதிருக்கீங்க. இப்படி யாரும் எழுத மாட்டாங்க.” நோட்டை மூடினார். “இனிமே பத்தியத்தத் தளத்திக்கலாம். மோரும் நடையும் விடாதீங்க. காய்கறி ஒண்ணொண்ணா சேத்துக்கிடுங்க.”

உலகம்மை இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி முன்னால் நகர்ந்தாள். “டாக்டர், பீட்ரூட் குடுக்கலாமா? இவுகளுக்கு இப்பல்லாம் அதுன்னா உசுரு. பதினாலு நாளா வாய்விட்டு ஒரு வார்த்த கேக்கல, எனக்குத்தான் சங்கடமா இருந்துச்சு. போற வழியில மார்க்கெட்ல வாங்கிருவேன்.”

“தாராளமா குடுங்கம்மா.”

முடிந்துவிட்டது. என் சாட்சியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு மத்தியானமே தட்டில் வந்துவிடும், தேங்காய்ப்பூவோடு, சோற்றில் சாயம் இறங்கி. நாளைக் காலையில் விளக்கைக்கூடப் போடலாம். தையில் பொங்கல், மாசியில் சிவராத்திரி, பங்குனி, சித்திரை, ஒவ்வொரு மாசமாக ஓட்டிவிடலாம், அப்புறம் ஒரு நாள் யாரோ ஒரு டாக்டர் இரண்டு விரலை விரித்துக் காட்டுவார், கட்டில் பக்கத்தில் உலகம்மை நிற்பாள், நான் அவளைப் பார்ப்பேன், அதில் ஆச்சரியம் இருக்காது. நான் எழுந்திருக்க வேண்டிய நேரம். உலகம்மை எழுந்துவிட்டாள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

“பீட்ரூட் வேண்டாம்,” என்றேன்.

“ஏன் சார், ஒத்துக்கலையா?”

“எனக்குப் பீட்ரூட் பிடிக்காது, டாக்டர்.”

உலகம்மை, “என்னது,” என்று சிரிக்க ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் டாக்டரைப் பார்க்கவில்லை, மேஜை மேலிருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அதில எழுதினது மொத நாள் மட்டுந்தான் நெசம். பதினாலு நாளா பீட்ரூட் தொடல. இப்பவும் பாத்துட்டுத்தான் வாரேன். டாக்டர், ரத்தம் போகுது. அப்பா குடல்ல கட்டி வந்துதான் போனாக. கடைசியாகச் சொன்னதை நான் சொல்ல நினைக்கவே இல்லை, அதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

டாக்டர் திட்டவில்லை. நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். எழுதி வைத்திருந்த மருந்துச் சீட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். “இத நான் கஷாயம் குடுத்து நிறுத்திப் பாக்கக் கூடாது. குழாய் விட்டுக் குடலப் பாக்கணும், அதுக்குன்னு இருக்க டாக்டருக்கு எழுதித் தாரேன், இன்னைக்கே போங்க. என்னவா வேணாலும் இருக்கலாம், சாதாரணமாக்கூட இருக்கலாம். ஆனா பாத்துறணும்.” பேனாவைத் திறந்தார். “எத்தன நாளா போகுது?”

வாயைத் திறந்தேன். ரெண்டு வாரம் என்று சொல்லத்தான் நாக்கு புரண்டது, இவ்வளவு சொன்ன பிறகும் அது கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறது. ரெண்டு வாரம் என்றால் அவ்வளவு மோசமாகத் தெரியாது. உலகம்மை மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். மஞ்சள் பையை இரண்டு கையாலும் மடியோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். பையைப் பார்த்துக்கொண்டே, எனக்கு முன்னால், மெதுவாக, ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தவளைப் போலச் சொன்னாள்.

“ஆடியிலேருந்து, டாக்டர். அமாவாசைக்கு மறுநாள்தான் எங்கிட்ட மொதல்ல பீட்ரூட் கேட்டாக.”